விசேஷ அண்ணாச்சியின் ஏழு விநாடி

ரேடியோவில் பேசிப் பேர் வாங்கியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ரேடியோவில் பேசாமல் இருந்து பேர் வாங்கியவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். சந்திரனில் யாராவது இருந்தால் தெரியாது. அவர்தான் எங்கள் விசேஷ அண்ணாச்சி.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. அது ஈட்டிக்கோணம் வாழை விவசாயிகள் சங்கத்தின் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. அவரிடமே கேட்டேன். “அது எதுக்கு மோளே இப்போ? யாராவது கூப்பிடுதாவளா அந்தப் பேர்ல?” என்று சொல்லிவிட்டார்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். மலையாளத்தில் ‘எந்தா விசேஷம்?’ என்றால் ‘என்ன சேதி?’ என்று அர்த்தம். தமிழில் ‘என்ன விசேஷம்?’ என்றால் வீட்டில் கல்யாணமா, காதுகுத்தா என்று அர்த்தம். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்டால் இரண்டு மொழியிலும் அர்த்தம் ஒன்றுதான். இந்த மூன்று அர்த்தங்களுக்கும் நடுவில் அண்ணாச்சி வருடக்கணக்காகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மோதினார். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். அதற்கு முன்னால் நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கரமனையில் வீடு. பிஸிக்ஸ் பட்டம் வாங்கியாகிவிட்டது, ஆனால் மனசு முழுக்க ரேடியோ. நகரத்தில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் குரல் தேர்வுக்குப் போனேன். ஒரு நிமிடம் வாசிக்க வேண்டிய தாளை இருபத்திரண்டு விநாடியில் முடித்துவிட்டு “அடுத்தது?” என்று கேட்டேன். “நாங்களே கூப்பிடறோம்” என்றார்கள். இன்று வரை கூப்பிடவில்லை.

அந்த வாரம்தான் பேப்பரில் நாலு வரி பார்த்தேன். ஈட்டிக்கோணத்தில் விவசாயிகளே சொந்தமாக நடத்தும் ரேடியோ நிலையத்துக்குத் தமிழும் மலையாளமும் தெரிந்த ஆள் தேவை. துள்ளிக் குதித்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

“பிஸிக்ஸ் படிச்சுட்டு வாழைக்காய் விலை வாசிக்கப் போறியாக்கும்?” என்றார் அப்பா.

“அப்பா, அங்க டிரான்ஸ்மிட்டர் இருக்கு! ஆண்டெனா இருக்கு! பத்து கிலோமீட்டர் சுத்துவட்டாரம் கேக்கும்!”

அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள்: “போகட்டும் விடுங்கோ. ஆத்துல இவ பேச்சுக்கு எல்லையே இல்லை. அங்க பத்து கிலோமீட்டர் எல்லையாவது உண்டோல்லியோ.”

மறுநாள் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். ஒன்றேகால் மணி நேரம். வீடுகள் தீர்ந்து ரப்பர் மரங்கள் தொடங்கும். ரப்பர் தீர்ந்து மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டம். கல்வளைவு என்று ஒரு திருப்பம் வரும்; பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு பஸ் திரும்பும். அதைத் தாண்டினால்தான் எங்கள் நிலையம் ரேடியோவில் கேட்கும். பாறைக்கு இந்தப் பக்கம் வெறும் இரைச்சல், அந்தப் பக்கம் அண்ணாச்சி.

நிலையம் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்காதீர்கள். சங்கத்தின் ரப்பர் ஷீட் கோடவுனுக்கு மேலே ஒரு மாடி. கீழே காயும் ரப்பர் ஷீட்டின் நாற்றம் படியேறி வந்து நமக்கு முன்பே உட்கார்ந்திருக்கும். சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, மேலே கயிற்றுப் பாயை அடித்து ஸ்டூடியோ செய்திருந்தார்கள். ஸ்டூடியோவுக்கும் செக்ரட்டரி அறைக்கும் நடுவே இருந்த கண்ணாடி, ஒரு பழைய ஜீப்பின் முன்கண்ணாடி. வைப்பர் கூட அப்படியே இருந்தது.

ஊர்க்காரர்கள் வீட்டுக்கொரு வாழைக்குலை கொடுத்துத் தொடங்கிய நிலையம் அது. அதனால் ஊரில் எல்லோரும் முதலாளி. ஒலிபரப்பு நடுவில் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள். “நேரலை போயிட்டிருக்கு!” என்று நான் பதறினால், “போகட்டும், நான் ஓனராக்கும்” என்று சொல்லி, உட்கார்ந்து, முழு நிகழ்ச்சியையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

லைசென்ஸில் ஒரே ஒரு கண்டிப்பான விதி. இந்த மாதிரி ஊர் ரேடியோக்கள் செய்தி ஒலிபரப்பக் கூடாது. பாட்டு போடலாம், பயிருக்கு மருந்து சொல்லலாம், மார்க்கெட் நிலவரம் சொல்லலாம். செய்தி மட்டும் ஆகாது. சங்கச் செக்ரட்டரி சுகுமாரன் சார், ரிட்டையரான பள்ளிக்கூட வாத்தியார், அந்த விதியைத் தன் கைப்பட எழுதி மைக்குக்கு எதிரே பசை போட்டு ஒட்டியிருந்தார். அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தினமும் பகல் பன்னிரண்டே காலுக்கு அண்ணாச்சி ‘விசேஷம்’ என்ற நிகழ்ச்சியை நடத்தினார்.

“இது செய்திதானே அண்ணாச்சி?” என்று முதல் நாளே கேட்டேன்.

“செய்தியா? செய்தின்னா டெல்லியில நடக்கது. இது விசேஷம்.”

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாக்கு மொத்தக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பம் அவருடையது. வாலிப வயதில் பாக்கு வாங்க ஈட்டிக்கோணத்துக்கு வந்தார். வீடு வீடாகச் சைக்கிளில் போவார். மணி அடிப்பார். “எந்தா விசேஷம்?” என்பார். இந்த வீட்டு விசேஷத்தை அந்த வீட்டில் சொல்லுவார், அந்த வீட்டு விசேஷத்தை அடுத்த வீட்டில் சொல்லுவார். நடுவில் ஞாபகம் வந்தால் பாக்கும் வாங்குவார். சாலைக் கடைக்குப் பாக்கு குறைந்துகொண்டே போனது, ஈட்டிக்கோணத்தில் மட்டும் எவருக்கும் எதுவும் தெரியாமல் இருக்கவில்லை. குடும்பம் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. அவர் போகவில்லை; கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கோடவுனுக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கிவிட்டார். ஊரார் ரேடியோ நிலையம் தொடங்கியபோது யாரைப் பேசவைப்பது என்று ஒரு விவாதம் கூட நடக்கவில்லையாம். அவர் ஏற்கெனவே ரேடியோதான். ஆண்டெனா மட்டும்தான் பாக்கி.

முட்டிவலி வந்து சைக்கிள் மிதிக்க முடியாமல் போனது அதே வருடம்தான். சைக்கிளின் மணியைக் கழற்றி ஸ்டூடியோ மேஜையில் திருகி வைத்தார். எங்கள் நிலையத்தின் முத்திரை இசை அதுதான். இரண்டு தரம் ‘ட்ரிங் ட்ரிங்’, ஊரே சோற்றுத் தட்டோடு ரேடியோ பக்கம் திரும்பும். மணி போன சைக்கிளை அதன் பிறகும் அவர் தெருவில் உருட்டிக்கொண்டுதான் நடந்தார். எதிரே ஆள் வந்தால் வாயாலேயே “ட்ரிங்!” என்பார்.

மைக் முன்னால் உட்காரும் முன் தலை வாருவார். முகத்துக்குப் பவுடர் போடுவார். அதுவும் கொஞ்சமாக இல்லை; மைக்கின் பஞ்சு உறை வெள்ளையாகிவிடும்.

“ரேடியோல யாரு அண்ணாச்சி பாக்கப்போறா?”

“நாம ஒரு வீட்டுக்குள்ள போறோம்லா மோளே? அவங்க பாக்காட்டா, நாம பாக்கலியா?”

இதெல்லாம் பரவாயில்லை. என்னைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது அந்த இடைவெளிதான்.

மணி அடித்ததும் அவர் மைக்கைப் பார்த்து, “எந்தா விசேஷம்?” என்பார். பிறகு பேச மாட்டார். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு விநாடி! ரேடியோவில் ஏழு விநாடி மௌனம் என்றால் என்னவென்று தெரியுமா? சமையல் நடுவில் காஸ் தீர்ந்த மாதிரி. நிலையம் செத்துவிட்டது என்று அர்த்தம். அவரோ கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மைக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் தலையாட்டி, “கேட்டாச்சு, கேட்டாச்சு” என்பார். சில நாள் “அய்யய்யோ, எப்போ?” என்று பதறுவார். ஒரு நாள் “அதெல்லாம் முடியாது, சுகுமாரன் சார்கிட்ட போய்ச் சொல்லு” என்று சண்டையே போட்டார். யாரோடு? முட்டை அட்டையோடு! பேச்சுக்குப் பேச்சு இதே ஏழு விநாடி, நிகழ்ச்சி முடிவதற்குள் நூறு தடவை.

“அண்ணாச்சி, அந்தப் பக்கம் பேசினா நமக்குக் கேக்காது. ரேடியோ ஒருவழிப் பாதை.”

“பிஸிக்ஸ் படிச்சிருக்கியே, கேக்காதுன்னு அதுலயா போட்டிருக்கு?”

“ஆமா!”

“அப்போ பரீட்சைக்கு அப்படியே எழுது. எனக்குக் கேக்குது.”

நான் பொறுமைசாலி இல்லை என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். முட்டிக்கு வைத்தியம் பார்க்க அவர் நாகர்கோவில் போன ஒரு நாள், முன்கூட்டியே பதிவு செய்து வைத்த ‘விசேஷம்’ என் கைக்கு வந்தது. கம்ப்யூட்டரில் போட்டேன். இடைவெளி இடைவெளியாகத் தேடித் தேடி வெட்டினேன். அரைமணி நேர நிகழ்ச்சி பதினெட்டு நிமிடத்துக்குச் சுருங்கியது. என்ன விறுவிறுப்பு! என்ன வேகம்! மீதி நேரத்துக்கு மூன்று பாட்டு போட்டேன். எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாற்பத்தாறுக்குப் போன் அடித்தது. வைத்தேன், திரும்ப அடித்தது. நாற்பத்தெட்டுக்குக் கோடவுன் படியில் தடதடவென்று சத்தம். செங்கல் சூளையில் வேலை செய்யும் செல்லத்தாயி வந்து நின்றாள், கையில் சோற்றுப் பருக்கையோடு.

“எம்மா, அண்ணாச்சிக்கு என்னவாம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஏன்? நல்லாத்தானே பேசினார்?”

“என்னத்த நல்லா? என்ன விசேஷம்னு கேட்டாவ. எம்மவளுக்குக் காய்ச்சல்னு நான் வாயத் தொறக்கதுக்குள்ள மரச்சீனி மருந்துக்குப் போயிட்டாவ! ஒரு மனுசிக்குப் பதில் சொல்ல நேரம் குடுக்காண்டாமா?”

அவளுக்குப் பின்னால் படியில் இன்னும் ஆறு முதலாளிகள் நின்றார்கள். ஒரு ரப்பர் வெட்டும் பெரியவர், தான் சொன்ன பதிலை என்னிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார். பதில்: சுகம்தான், ஒன்றுமில்லை.

மறுநாள் அண்ணாச்சி நேரலையில் உட்கார்ந்ததும் நான் மெதுவாக வெளியே வந்து, நிலையத்திலிருந்து ஓடையில் இறங்கும் சந்தில் நடந்தேன். உச்சி வெயில். ஒவ்வொரு வீட்டிலும் ரேடியோ. ‘ட்ரிங் ட்ரிங்.’ ‘எந்தா விசேஷம்?’

பிறகு நான் கேட்டது அண்ணாச்சியின் மௌனத்தை இல்லை. சந்தின் இரண்டு பக்கமும் வீடு வீடாக, சோறு அடைத்த வாயோடு, மலையாளத்திலும் தமிழிலும் ஊரே ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு ஜன்னலிலிருந்து, “கூரை ஒழுகுது அண்ணாச்சி.” ஒரு திண்ணையிலிருந்து, “மோன் போன் பண்ணினான், துபாயில சூடாணு.” கிணற்றடியில் ஒருத்தி வாளியை இறக்கிவைத்துவிட்டு நின்று, “இன்னு ஒண்ணும் இல்லா அண்ணாச்சி” என்று ஆகாசத்தைப் பார்த்துச் சொன்னாள். ஏழாவது விநாடி. எல்லா ரேடியோவும் ஒரே குரலில், “கேட்டாச்சு, கேட்டாச்சு.” வாளி கிணற்றுக்குள் இறங்கியது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் வெட்டிப்போட்ட இடைவெளிகளை எல்லாம் தேடி எடுத்து ஒரு தனிக் கோப்பில் சேர்த்து வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு நிமிட மௌனம். இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது மோதலுக்கு வருவோம்.

குவாரி பாஸ்கரன் என்று ஒரு பெரிய புள்ளி. ஊருக்குக் கொஞ்சம் மேலே வீடு, வீட்டுக்குக் கொஞ்சம் மேலே மூக்கு. அவர் வீட்டில் ஒரு பசு. பசுவின் பெயர் அம்மிணி. பாஸ்கரனின் மனைவி பெயரும் அம்மிணி. இந்த விபரீதத்துக்குக் காரணம், மனைவியின் மாமியார் தன் கடைசிக் காலத்தில் பசுவுக்குப் பெயர் வைத்ததுதான் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி மணி அடித்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. “ஊர்க்காரங்களே, நம்ம பாஸ்கரன் முதலாளி வீட்டுல விசேஷம்! நம்ம அம்மிணிக்கு நாலு மாசம். டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. பாவம், எத்தனை வருஷமாக் காத்துட்டு இருந்தாங்க!”

சொல்லிவிட்டு ஏழு விநாடி.

நானும் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டை எடுத்து வைத்தேன். எனக்குப் பசுவைத் தெரியும், மனைவியைத் தெரியாது. ஊருக்கு இரண்டு பேரையும் தெரியும். ஆனால் நல்ல சேதி என்றால் மனிதர்கள் பெரிய ஆளைத்தான் முதலில் நினைக்கிறார்கள். மூன்று மணிக்குள் பாஸ்கரன் வீட்டு வாசலில் பலகாரத் தூக்கோடு ஒன்பது பெண்கள். நாலு மணிக்கு நெடுமங்காட்டிலிருந்து நாத்தனார் ஆட்டோவில் இறங்கினாள். ஐந்து மணிக்குப் பாஸ்கரன் எங்கள் மாடிப்படியில் ஏறினார், படியே ஆடியது.

“எடா அண்ணாச்சி! என்றெ பாரியாளுக்கு ஐம்பத்தெட்டு வயசு!”

“நான் பசுவச் சொன்னேன் முதலாளி.”

“பசு என்று பறஞ்ஞோ நீ?”

அண்ணாச்சி யோசித்தார். “டாக்டர்னு சொன்னேன். மாட்டு டாக்டர்னு சொல்லலியோ?”

பாஸ்கரன் வெறும் கோபத்தோடு போயிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். போகிற போக்கில் எதிரே ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டார். ‘செய்தி ஒலிபரப்பக் கூடாது.’ ஒரு எழுத்து விடாமல் படித்தார். மீசைக்குள் சிரித்தார். அடுத்த தபாலில் டெல்லிக்குப் புகார் போய்விட்டது: இந்த நிலையம் தினமும் பகல் பன்னிரண்டே காலுக்குச் செய்தி வாசிக்கிறது.

பதிலும் வந்தது. இன்ன தேதியில் ஓர் அதிகாரி நேரில் வந்து ‘விசேஷம்’ நிகழ்ச்சியைக் கேட்பார். செய்தி என்று அவர் எழுதினால் லைசென்ஸ் ரத்து.

சுகுமாரன் சார் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். “மோளே, எல்லாம் போச்சு. அண்ணாச்சி, அன்னு ஒரு நாள் ‘விசேஷம்’ வேண்டா. வாழைக்கு உரம் போடறதப்பத்திப் பேசுங்கோ.”

“அவரு கேக்க வர்றதே விசேஷத்தைத்தானே சார்? வேற போட்டா, ஒளிக்கிறோம்னு எழுதுவார்” என்றேன்.

“அப்போ விசேஷம் பேசணும். ஆனா விசேஷம் சொல்லக்கூடாது” என்றார் சார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே புரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். என் மேஜையில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அமுக்கினால் மைக் அடைபட்டுப் பாட்டு தொடங்கும். அண்ணாச்சி வாயிலிருந்து செய்தி வந்தால் அதே விநாடி நான் அமுக்க வேண்டும்.

சார் போன பிறகு அண்ணாச்சி மேஜை மேல் இருந்த மணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தவரையில் முதல் தடவையாக அவர் முகத்தில் பவுடர் இல்லை.

“சைக்கிள் மிதிக்க முட்டி விடமாட்டேங்குது” என்றார். “ரேடியோவும் இல்லன்னா, நான் யாரு வீட்டுக்கு மோளே போவேன்?”

நான் பவுடர் டப்பாவை எடுத்து அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அதிகாரி வந்தார். கோட்டு, பெட்டி, சின்ன டேப்ரிக்கார்டர். மலையாளிதான் என்றும், ஊரைவிட்டு இருபது வருடமாயிற்று என்றும் கூட வந்த டிரைவர் சொன்னார். ஆனால் வாயைத் திறந்தால் ஆங்கிலம் மட்டும்தான். இளநீர் வேண்டாம், சாயா வேண்டாம், பழம்பொரி வேண்டவே வேண்டாம். நேரே சுகுமாரன் சாரிடம், “எனி நியூஸ்?” என்றார், செய்தி எதுவும் ஒலிபரப்புகிறீர்களா என்று கேட்கிறாராம்.

சார் பதற்றத்தில், “ஒண்ணுமில்ல சார், எல்லாம் சுகம்” என்றார்.

கீழே கோடவுன் வாசலில் வாழைக்குலை கொடுத்த முதலாளிகள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். செல்லத்தாயி இடுப்பில் மகளோடு முதல் வரிசையில். சங்கத்தின் ரேடியோவை வெளியே பெஞ்சில் வைத்திருந்தார்கள். அதிகாரி செக்ரட்டரி அறையில் ஜீப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். முன்னால் ஒரு ரேடியோ, கையில் பேனா. நான் இந்தப் பக்கம். என் விரல் சிவப்புப் பொத்தானில்.

பன்னிரண்டே கால். அண்ணாச்சி பவுடர் போட்டிருந்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. ட்ரிங் ட்ரிங்.

“எந்தா விசேஷம்?”

ஏழு விநாடி. அதிகாரி ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்.

“கேட்டாச்சு” என்றார் அண்ணாச்சி. பிறகு தொடங்கினார். “செல்லத்தாயி, மவளுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?”

நிறுத்தினார். வாசலிலிருந்து செல்லத்தாயியின் குரல் ஜன்னல் வழியாக மேலே வந்தது: “விட்டுட்டு அண்ணாச்சி! கஞ்சி குடிச்சா!”

“ஆனைப்பாறைப் பாலத்துல சரிஞ்ச லாரிய எடுத்தாச்சா?”

என் விரல் பாதிவரை இறங்கிவிட்டது! பாலம், லாரி, விபத்து. இது செய்தியேதான்! ஆனால் கடைசியில் அந்தக் கேள்விக்குறி. அது மட்டும் இல்லையென்றால் தலைப்புச் செய்தி. விரலைத் தூக்கினேன். கீழே பத்துப் பேர் ஒரே சமயத்தில், “எடுத்து, எடுத்து! இன்னு பஸ் ஓடும்!” என்றார்கள்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அண்ணாச்சி எதையும் சொல்லவே இல்லை. கேட்கிறார், அவ்வளவுதான்! மூணாம் வார்டுக் குழாயில் தண்ணீர் வருதா? காலையில் பன்றி புகுந்த மரச்சீனித் தோட்டம் யாருடையது? ரேஷன் கடை திறந்தாச்சா? அரைமணி நேரமும் கேள்வி, மௌனம், கேள்வி, மௌனம். அலைவரிசையில் ஒரு செய்திகூட இல்லை. செய்தி முழுக்க வாசலில் இருந்தது. முட்டை அட்டைகள் அன்றைக்குத்தான் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன. வாசல் சத்தம் எங்கள் காதுக்கு எட்டியதே தவிர மைக்கில் ஏறவில்லை. அதிகாரி ஒவ்வொரு கேள்வியையும் எழுதுவார், அதை அடிப்பார். கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

முடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பி ஜீப் கண்ணாடி வழியாக அதிகாரியைப் பார்த்தார். வேண்டாம் அண்ணாச்சி என்று சைகை செய்தேன். அவர் என்னைப் பார்த்தால்தானே?

“டெல்லியில இருந்து வந்த சாரே,” என்றார் மைக்கில், மிக மெதுவாக, ஒரு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியது போல. “ஊரு விட்டு ரொம்ப நாளாயில்லே? எந்தா விசேஷம்?”

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ரேடியோவைப் பார்த்து, சுத்தமான திருவனந்தபுரம் மலையாளத்தில், “ஓ... இங்ஙனெயொக்கெ போணு” என்றார். ‘ஏதோ இப்படியே போகிறது.’

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. திடுக்கிட்டு ரேடியோவைப் பார்த்தார், சுகுமாரன் சாரைப் பார்த்தார். சார் வாழ்நாளில் கற்ற மரியாதையை எல்லாம் திரட்டி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டாச்சு, கேட்டாச்சு” என்றார் அண்ணாச்சி. ட்ரிங் ட்ரிங்.

அதிகாரி போகும்போது இளநீர் குடித்தார். பழம்பொரி மூன்று. அறிக்கை அடுத்த மாதம் வந்தது. நிலையம் செய்தி ஒலிபரப்பவில்லை, லைசென்ஸ் தொடரலாம். கடைசியில் ஒரு குறிப்பு: ‘ஒலிபரப்பில் அடிக்கடி ஏழு விநாடி தடங்கல் ஏற்படுகிறது, டிரான்ஸ்மிட்டரைப் பழுது பார்க்கவும்.’ அந்தக் குறிப்பைச் சட்டம் போட்டு மாட்டியே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி அடம்பிடித்தார். மைக்குக்கு எதிரே, விதித் தாளுக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. குவாரி பாஸ்கரன். குரலில் மூக்கு கொஞ்சம் இறங்கியிருந்தது. “அண்ணாச்சியோடு பறயணும். அம்மிணி பெற்று. பெண் கன்று.” கொஞ்சம் தயங்கி, “பசு என்று ரெண்டு தடவை பறயணும்” என்றார்.

“சொல்ல முடியாது முதலாளி, செய்தியாயிரும்” என்றார் அண்ணாச்சி. “நான் கேக்கேன், நீங்க சொல்லுங்க.” பகல் பன்னிரண்டே காலுக்குக் கேட்டார். பாஸ்கரன் மேட்டு வீட்டிலிருந்து கத்தியது டிரான்ஸ்மிட்டர் இல்லாமலே பாதி ஊருக்குக் கேட்டது.

அடுத்த வருடம் எனக்குச் சென்னையில் ஒரு பெரிய நிலையத்தில் வேலை கிடைத்தது. குரல் தேர்வில் ஒரு இடத்தில் நிறுத்தினேனாம், அது நன்றாக இருந்ததாம். விடைபெறப் போன அன்று அண்ணாச்சி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ரயிலுக்கு நேரமாகலியா?” என்று விரட்டினார். கோபித்துக்கொண்டு கீழே இறங்கி, டவுனுக்குப் போகும் ஜீப்பில் ஏறினேன். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேர். டிரைவர் தலைக்கு மேல் ரேடியோ.

கல்வளைவு கண்ணில் பட்டபோது மணி பன்னிரண்டே கால். ட்ரிங் ட்ரிங்.

“கரமனைக்காரி மோளே,” என்றது ரேடியோ. “ஊரு விட்டுப் போறியாமே. எந்தா விசேஷம்?”

பாறை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழு விநாடிதான். என் வேகத்துக்கு ஏழு விநாடியில் ஒரு கட்டுரையே சொல்லலாம். வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தைதான் வந்தது.

“வரேன் அண்ணாச்சி” என்றேன், சத்தமாக, பதினாறு பேருக்கு நடுவில், கூரையில் மாட்டிய ஒரு ரேடியோவைப் பார்த்து. ஜீப்பில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் ஈட்டிக்கோணத்துக்காரர்கள். டிரைவர் மட்டும் பாறைக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்தார்.

“கேட்டாச்சு, மோளே” என்றது ரேடியோ.